தகட்டுக்கு அந்தப் பக்கம்

விடிவதற்கு முன்பே கடல் வடிந்துவிட்டிருந்தது. எண்ணெயும் துருவும் கலந்த சேறு முழங்காலுக்கு மேல் ஏறியது. தோளில் ரப்பர் குழாய்ச் சுருளும் கையில் கட்டிங் டார்ச்சுமாக நாற்பது பேர் நடந்தோம். ஒரு காலைப் பிடுங்கினால் மறுகால் புதைந்தது. எதிரே கரைதட்டி நின்றது கப்பல். நாசகாரி வகைப் போர்க்கப்பல். பீரங்கிகளைக் கழற்றிக்கொண்டு கடற்படை அதை எங்கள் முதலாளிக்கு எடைக்கு விற்றிருந்தது.

பதினாறு வருடமாகக் கப்பல் உடைக்கிறேன். சரக்குக் கப்பல், எண்ணெய்க் கப்பல், கடலுக்குள் புதைத்த கண்ணிவெடிகளை வாருவதற்கென்று மரத்தால் கட்டிய சின்னக் கப்பல், ஒருமுறை விமானம் தாங்கிக் கப்பல்கூட. அதன் மேல்தளத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பந்து விளையாடியிருக்கிறோம். எந்த நாடு எந்த நாட்டை மிரட்டக் கட்டியதானாலும் கடைசியில் எங்கள் சேற்றில் வந்துதான் விழுகிறது. அதில் எனக்கு ஓர் அற்பத் திருப்தி உண்டு, மறைப்பானேன்?

ஆனால் போர்க்கப்பல் லேசில் சாகாது. சரக்குக் கப்பலில் பெரிய பெரிய கூடங்கள், போனதும் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். இது தேன்கூடு. ஓட்டை விழுந்தால் தண்ணீர் ஓர் அறையோடு நிற்கவேண்டும் என்று நூற்றுக்கணக்கான அறைகளாகத் தடுத்துக் கட்டியிருக்கிறார்கள். சுவருக்குப் பின்னால் படுக்கையா, எண்ணெய்த் தொட்டியா என்று வெட்டுகிறவனுக்குத் தெரியாது.

அதற்காக எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெட்டுகிறவன் தகட்டைச் சுத்தியலால் மூன்று முறை தட்டுவான். அந்தப் பக்கம் நிற்கும் பதில் ஆள் சுற்றிப் பார்த்து, மோந்து பார்த்து, ஆபத்தில்லை என்றால் திருப்பி மூன்று தட்டவேண்டும். பிறகுதான் நெருப்பு.

மாமாவும் வெட்டுக்காரர்தான். அவருக்குப் பதில் தட்டுகிற ஆள் அவர் மனைவி, என் அக்கா. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

"வீட்டுல தொண்டை கிழியக் கத்தினாலும் இவ காதுல விழாது. இங்க மட்டும் மூணு தட்டுக்கு ஓடி வந்துருவா" என்று மாமா கிண்டல் செய்வார்.

"வீட்டுல நீங்க கத்துறது சோத்துக்கு. இங்க தட்டுறது உசுருக்கு" என்பாள் அக்கா.

போன மாதம்தான் முதலாளிக்குப் புது யோசனை வந்தது. இரும்பு விலை சரிந்துவிட்டதாம். "கப்பல்ல எண்ணெய் இல்ல, வாயு இல்லன்னு கடற்படையே சான்றிதழ் குடுத்திருக்கு. பின்னால ஒரு ஆளு எதுக்கு வெட்டியா நிக்கணும்?" என்று கேட்டார். ஆறு வெட்டுக்காரர்களுக்கு ஒரு பதில் ஆள் என்று குறைத்தார். எங்கள் ஆறு பேருக்கும் அக்கா ஒருத்தி. நாங்கள் முணுமுணுத்தோம். முணுமுணுத்துக்கொண்டே வேலைக்கும் போனோம். அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

அன்று காலை நான் இயந்திர அறைச் சுவரில் மூன்று தட்டினேன். அக்கா எங்கிருந்தோ ஓடிவரும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. பற்றவைத்தேன். நீலத் தழல் தகட்டைத் தொட்டதுதான் தாமதம், கப்பல் முழுக்க அதிர்ந்து உறுமியது.

நாலு அறை தள்ளி மாமாவும் அதே நேரம் தட்டியிருக்கிறார். அக்கா எனக்குத் தட்டிய பதில் அவருக்கும் கேட்டிருக்கிறது. சரக்குக் கப்பலில் அந்தச் சத்தம் கூடத்துக்குள்ளேயே கரைந்துபோகும். இங்கே சுவரோடு சுவர் பின்னிக் கிடப்பதால் எங்கே தட்டினாலும் காதோரம் கேட்கும். தனக்கு வந்த பதில் என்று மாமா நம்பிவிட்டார். அவருடைய தகட்டுக்குப் பின்னால் மனிதர் யாருமில்லை. அடைபட்டுக் கிடந்த எண்ணெய் ஆவிதான் இருந்தது.

கழற்றிய கதவொன்றில் கிடத்தி அவரைச் சேற்றில் இறக்கினோம். முகமும் இரண்டு கைகளும் வெந்திருந்தன. அக்கா அழவில்லை. "நான்தான் தட்டினேன், நான்தான் தட்டினேன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

மறுநாள் காலை முதலாளி அக்காவையும் என்னையும் தகரக் கொட்டகை ஆபீசுக்குக் கூப்பிட்டார். மேஜையில் தட்டச்சு செய்த காகிதம் தயாராக இருந்தது.

"பின்பக்கம் பாக்காமலே தட்டிட்டேன்னு எழுதியிருக்கும்மா. கையெழுத்துப் போட்டா ஆஸ்பத்திரிச் செலவு என் பொறுப்பு. போடலன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"நான் பாத்துட்டுத்தான் தட்டினேன், ஐயா. என் தம்பிக்குத் தட்டினேன்."

"நீ தட்டினதக் கேட்டுத்தானே உன் புருஷன் பத்தவச்சான்?"

அக்கா பேனாவை எடுத்துவிட்டாள். மாமாவின் வைத்தியத்துக்காக மட்டும் அல்ல, அந்தக் குற்றத்தை அவளே நம்ப ஆரம்பித்துவிட்டாள் என்பது முகத்தில் தெரிந்தது. வேலையில் அடிபட்டவனுக்கு வைத்தியம் பார்க்க ஒரு பெண்ணின் தலையில் பழியைக் கட்டவேண்டுமா?

"ஆறு பேருக்கு ஒரு ஆளுன்னு ஆக்கினது யாரு முதலாளி? அத எங்க எழுதியிருக்கீங்க?" என்றேன்.

"வாய மூடு. இஷ்டமில்லன்னா வெளிய போ. உன் எடத்துக்கு நூறு பேரு நிக்கிறான்."

அப்போதுதான் வாசலைப் பார்த்தேன். வேலைக்கு ஏறியிருக்க வேண்டிய ஆட்கள் அங்கே நின்றிருந்தார்கள். முன்னால் சாமியார். எங்கள் ஆறு வெட்டுக்காரர்களில் ஒருவன். நாளெல்லாம் வாயைத் திறக்கமாட்டான் என்பதால் அந்தப் பட்டப்பெயர்.

"முதலாளி, நேத்து பதிலே வராம நானும் ரெண்டு தகடு வெட்டினேன். நேரமாவுதுன்னு சூப்பர்வைசர் கத்தினாரு. தப்புன்னா அதையும் எழுதிக்குங்க."

பின்னால் நின்றவர்கள் வாசலுக்குள் நெருங்கினார்கள்.

"முந்தாநாள் நான் வெட்டினேன்" என்றான் இன்னொருவன்.

"நானும்தான். தெனமும்."

வாசலுக்கு வெளியிலிருந்தும் குரல்கள் வந்தன. முதலாளி யாரைப் பார்த்து முறைப்பது என்று தெரியாமல் விழித்தார். இத்தனை நாளும் ஒவ்வொருவனும் தன் உயிரைத் தான் மட்டும் பணயம் வைப்பதாக நினைத்து ஒளித்து வைத்திருந்தோம். எல்லோரும் ஒரே தவறைச் செய்துகொண்டிருந்தோம், செய்ய வைக்கப்பட்டிருந்தோம்.

அக்கா பேனாவைக் கீழே வைத்தாள். "ஒரு வெட்டுக்காரருக்கு ஒரு ஆளு, ஐயா. அவரு வைத்தியச் செலவும் நீங்கதான் பாக்கணும். அதுவரைக்கும் நெருப்பு பத்தாது" என்றாள்.

எல்லோரும் கப்பலுக்கு எதிரே மணலில் உட்கார்ந்தோம். உட்கார்ந்தோமே தவிர ஒருவனுக்கும் இருப்புக் கொள்ளவில்லை. சூப்பர்வைசர் போனும் கையுமாக அலைந்தார். கடல் உயர ஏறும் பௌர்ணமி ஓதத்துக்கு மூன்றே நாள். அதற்குள் முன்பக்கத்தை வெட்டி எடையைக் குறைத்தால்தான் அந்தத் தண்ணீரில் கப்பலை மேலும் கரைக்கு இழுக்க முடியும். எங்களுக்கிருந்த பிடி அது ஒன்றுதான்.

மதியத்துக்குள் அந்தப் பிடியும் நழுவப் பார்த்தது. முதலாளி கூப்பிட்டனுப்பி, கப்பல் உடைக்கும் பக்கத்து யார்டிலிருந்து பன்னிரண்டு வெட்டுக்காரர்கள் குழாய்ச் சுருளோடு வந்தார்கள். எங்கள் முகத்தைப் பார்க்காமல் கடந்தார்கள். சாமியார் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தான். நான் அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

அவர்களில் மூத்தவன் ஒரு நெட்டையன். ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டு நின்றான்.

"பின்னால யாரு நிக்கிறா?" என்று முதலாளியைக் கேட்டான்.

"ஆளு தேவையில்லப்பா. கடற்படை சான்றிதழ் இருக்கு."

"சான்றிதழ் திருப்பித் தட்டுமா?"

முதலாளி என்னவோ உரக்கச் சொன்னார். நெட்டையன் காதில் வாங்கவில்லை. காலை எடுத்துக்கொண்டு எங்களை நோக்கி நடந்தான். மற்றவர்கள் கொஞ்சம் தயங்கி, பிறகு பின்னால் வந்தார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து நல்ல செய்தி எதுவும் வரவில்லை. முதலாளி யார்டு கதவைப் பூட்டச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். நாளை என்ன ஆகும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

அக்கா முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்கப்பா. பன்னண்டு பேரு வராங்க."