குழிக்காரருக்கு ஒரு போத்தல்

ஜீவராணிக்குக் குழி வெட்ட வந்த மூன்று பேரும் ரப்பர் மரத்தடியில் குந்திக்கொண்டு, மம்பட்டியைத் தொடாமல் தங்கையாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதற்கென்று புருஷன்காரனுக்குத் தெரியாதா என்ன! குழிக்காரருக்கு ஒரு போத்தல் சாராயம் கொடுத்தால்தான் இந்தத் தோட்டத்தில் மயானத்து மண்ணில் மம்பட்டி இறங்கும். தங்கையாவின் அப்பனுக்கும் அப்படித்தான் இறங்கியது.

ஆனால் தோட்டத்துக்குள் சாராயம் வராமல் நாற்பத்தொரு நாளாகிவிட்டது. சம்பளத்தைக் கூட்டித் தருகிறேன் என்று ஓட்டு வாங்கிப் போன பெரிய மனிதர் கடைசியில் தந்தது, தோட்டத்து வாசலில் ஒரு பார். அதுவும் தன் மச்சான் பேரில். வயிறு எரியுமா எரியாதா? ஜீவராணிக்கு எரிந்தது. சம்பளம் கூடும்வரை ஒரு சொட்டுச் சாராயம் லயத்து வீடுகளுக்குள் வரக்கூடாது என்று பெண்களைத் திரட்டிப் பகிஷ்கரிப்பைத் தொடங்கியவளே அவள்தான். மாரியம்மன் கோவிலில் ஆண்களை வரிசையாக நிறுத்தி, முதலில் தன் புருஷனைத்தான் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்ய வைத்தாள். அப்படிப்பட்டவள், முந்தாநாள் மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். இரத்தினபுரி ஆஸ்பத்திரியிலிருந்து பெட்டியில்தான் திரும்பி வந்தாள்.

குழிக்காரரில் மூத்தவர் மூக்கையா, தங்கையாவுக்கு மச்சான் முறை. மனிதர் கெட்டவரில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னார்.

"பகிஷ்கரிப்பெல்லாம் உசிரோட இருக்கிறவங்களுக்கு மச்சான். சாவு வீட்டுக்கு என்னாத்துக்கு? வெறும் வாயோட குழியில எறங்க எங்களுக்குப் பயமா இருக்குங்க."

மேற்கே மழை கறுத்திருந்தது. நாலு மணிக்குள் குழி வெட்டியாக வேண்டும். இருங்க, வர்றேன் என்று சொல்லிவிட்டுத் தங்கையா லயத்துக்கு நடந்தார்.

அவரிடம் ஒரு போத்தல் இருந்தது. சத்தியம் செய்வதற்கு முந்தின நாள் வாங்கி, சாக்கில் சுற்றி, விறகுக்கு அடியில் ஒளித்து வைத்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. இருக்கிறது என்ற தைரியம் போதும் என்று விட்டுவிட்டார். ஜீவராணிக்குத் தெரிந்திருந்தால் தோலை உரித்திருப்பாள். சத்தியத்துக்கு முன்னால் வாங்கியதுதானே, பாவமில்லை என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டே விறகை விலக்கினார்.

சாக்குக்குள் போத்தல் இருந்தது. மூடி திறக்கவில்லை. கழுத்தில் மட்டும் ஒரு மஞ்சள் துணி, அதில் காசு முடிந்திருந்தது. மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு முடிகிற முடிச்சு. இழுத்து இழுத்து மூன்று சுற்றாகப் போடுகிற முடிச்சு ஜீவராணியுடையதுதான்.

தெரிந்திருக்கிறது பாவிக்கு. நாற்பத்தொரு நாளும் தெரிந்தே, அவருக்குச் சோறு போட்டு, அவர் குடிக்கக்கூடாதென்று ஆத்தாளிடம் வேண்டிக்கொண்டு, வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள். தங்கையா அந்த விறகு மேலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

வெறுங்கையோடுதான் மயானத்துக்குத் திரும்பினார்.

"இல்ல மச்சான். மம்பட்டியக் குடுங்க, நானே வெட்டுறேன்."

கட்டினவன் குழி வெட்டுகிற வழக்கம் எங்கேயும் இல்லை. மூக்கையா தலையைக் குனிந்துகொண்டார். மூவரும் குழியில் இறங்கவுமில்லை, எழுந்து போகவுமில்லை. தலைப்பக்கம் இன்னும் ஒரு சாண் வேணும், இந்தப் பக்கம் சரியுது என்று மேலே இருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். தங்கையா மூச்சிரைக்க வெட்டினார். கொப்புளம் உடைந்து மம்பட்டிப் பிடி பிசுபிசுத்தது.

நல்ல மழையில் ஜீவராணியைப் புதைத்தார்கள். பெண்கள் நனைந்துகொண்டே வீடு போனார்கள். வேறு நாளாக இருந்தால் சாவு வீட்டு வாசலில் ஆண்கள் போத்தலைச் சுற்றி உட்கார்ந்து, செத்தவளின் பெருமை பேசுவார்கள். இன்று ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் தங்கையா போத்தலைத் திரும்ப விறகுக்கு அடியில் வைக்கப் போனார். குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். இனி யாருக்குப் பயந்து ஒளிப்பது?

முடிச்சை அவிழ்க்காமல் கொண்டுபோய் அவள் படத்துக்கு முன்னால், விளக்குக்குப் பக்கத்தில், நன்றாகத் தெரியும்படி வைத்தார். பிறகு திட்டு வாங்குகிறவனைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு அதன் எதிரில் உட்கார்ந்தார்.