அக்கா அறுத்த திமிங்கிலம்

1
இந்தக் கதை அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கிடைத்தது. கற்பனை என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். அக்கா அரசுக் கால்நடை மருத்துவர். அத்தான் கடற்படைக் கப்பலில் சோனார் இயக்குபவர். தண்ணீருக்குள் பெரும் ஒலியை அனுப்பி, எதிரொலியை வைத்து நீர்மூழ்கிகளைத் தேடும் வேலை.

முதல் வரியை 'விதி அந்தக் குடும்பத்தை…' என்று தொடங்கினேன். [அடித்துவிட்டேன். விதி சோனார் இயக்குவதில்லை.]

2
கடற்படைப் பயிற்சி முடிந்த மறுநாள் சில திமிங்கிலங்கள் கரையில் செத்துக் கிடந்தன. அக்காவைக் கூப்பிட்டார்கள். ரப்பர் பூட்ஸோடு போய் ஒன்றின் தலையைத் திறந்தாள். காதுக்குள் இரத்தம் கட்டியிருந்தது. ஈரலில் காற்றுக் குமிழ்கள். ஆழத்தில் இருந்தவை சத்தத்துக்கு மிரண்டு, தலைதெறிக்க மேலே வந்திருக்கின்றன; அந்த வேகத்தில்தான் உடம்புக்குள் குமிழ் கட்டிவிட்டது.

[இங்கே, திமிங்கிலத்தின் கண்ணில் நீர் வழிந்ததாக எழுதியிருந்தேன். "செத்தது எப்படிடா அழும்? காதைப் பத்தி எழுது" என்றாள் அக்கா.]

3
கடற்படை அதிகாரி ஒருவர் வருகிறார். அவருக்கு மீசை வைத்தால் வில்லனாகிவிடுகிறார், எடுத்துவிட்டேன். தன்மையான மனிதர்தான்.

"டாக்டரம்மா, ஏதோ நோய்னு சொல்லிடுங்க. உங்க வீட்டுக்காரரும் நம்ம ஆளுதானே?"

"அதனாலதான் சார் முடியாது. பொய் சொல்லிட்டு தினமும் அவர் முகத்துல முழிக்கணுமே."

நிருபர்கள் மைக்கை நீட்டினார்கள். கையுறையைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: "நோய் இல்ல. சத்தம். நம்ம கப்பல் போட்ட சத்தம்."

4
அன்று அத்தான் கதவை அறைந்து சாத்திவிட்டு…

[இல்லை. சாப்பாட்டு மேசையில்தான் உட்கார்ந்திருந்தார். நானும் இருந்தேன்.]

"ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லிட்டுப் பேசியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா தடுத்திருப்பீங்க."

"தடுத்திருப்பேன்தான்."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "அந்தத் திமிங்கிலங்க டிக் டிக்னு பேசிக்கிட்டே இருந்துச்சு. ஹெட்போன்ல கேட்டேன். நாங்க சத்தத்தை ஆரம்பிச்சதும் சட்டுனு நின்னுடுச்சு. மேலிடத்துல சொன்னேன். நிறுத்தாதேன்னாங்க. நான் நிறுத்தல" என்றார்.

அக்கா அவருக்கும் சேர்த்து இரண்டு டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள்.

5
அக்காவைப் பன்றிப் பண்ணைச் சோதனைக்கு மாற்றிவிட்டார்கள். "அங்கேயும் வாயை மூடப் போறதில்ல" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். பதிப்பாசிரியர் 'கடற்படை'யை 'ஒரு நிறுவனம்' ஆக்கச் சொன்னார். மாட்டேன் என்றேன். அத்தானை நினைத்து மட்டும் பயந்தேன். மேலிடத்தில் இதைப் படித்தால் அவர் வேலை போய்விடுமே? 'கப்பல் சமையல்காரர்' ஆக்கிவிடட்டுமா என்று அவரிடமே கேட்டேன்.

"வேணாம் மச்சான். 'நான் நிறுத்தல'ன்னு இருக்கு பார், அதுல மட்டும் கை வைக்காதே."

6
அடுத்த பயிற்சிக்கு அத்தான் இன்று கப்பல் ஏறிவிட்டார். முடிவுகள் இரண்டு எழுதினேன். ஒன்றில், டிக் டிக் நின்றதும் இயந்திரத்தை அணைத்துவிட்டுத் தண்டனைக்கு நிற்கிறார். இன்னொன்றில் அணைக்கவில்லை, அக்கா லீவு போட்டுவிட்டு அறுவைக் கத்தியோடு கரைக்கு ஓடுகிறாள். இரண்டையும் கிழித்துவிட்டேன்.

ஏன் தெரியுமா? இரண்டிலும் எங்கள் வீட்டு ஆட்கள் மட்டுமே ஏதாவது செய்கிறார்கள். நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். 'நிறுத்து' என்று சொல்ல அவர் ஒருவருக்கு மட்டுந்தானா வாய் இருக்கிறது? கரையிலிருந்தும் அந்தச் சொல் கேட்கட்டும், மூன்றாவது முடிவை எழுதுகிறேன். அதுவரை என்னிடம் முடிவு கேட்காதீர்கள்.