ஆள் மாற்றி அழுதவள்

"தொண்டையில என்ன ஆப்பா அடிச்சிருக்கு? வாயத் திறந்து அழுடி," என்று ரக்கியா அத்தை சூராவைப் பார்த்துக் கத்தினாள். "செத்தது உன் புருஷன். எனக்குத் தம்பிங்கறதெல்லாம் அப்புறம்."

"கத்தினா அழுகை வந்துடுமா அத்தை? விடுங்க," என்றாள் சூராவின் மகள் புருல்.

"நான் விட்டுடுவேன். வெளிய வர்ற ஜனம் விடுமா?"

முற்றத்தில் நட்ட கம்பளிக் கூடாரத்தில், திரைக்கு அப்பால் புருலின் அப்பா சாதிர்பெக் கிடத்தப்பட்டிருந்தார். இப்பால் பெண்கள் துக்க வழக்கப்படி கூடாரச் சுவரைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வெளியே ஆண்கள் ஓலமிட்டுக்கொண்டு வரும்போதெல்லாம் உள்ளிருந்து மனைவியின் ஒப்பாரி பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், முப்பத்தோரு வருஷம் கூட வாழ்ந்தவனை இவள் மதிக்கவே இல்லை என்று ஊர் முடிவு கட்டிவிடும். காலையிலிருந்து மூன்று கூட்டம் வந்தாயிற்று. அம்மா சூராவின் வாயிலிருந்து காற்றுதான் வந்தது. ஊர் பாதி முடிவு கட்டிவிட்டிருந்தது.

அவளுடைய அழுகையை அடைத்தது தலைமுறைகளாக இங்கேயே வாழும் ஜெர்மன் குடும்பத்து, அடுத்த தெருக் கத்தரீனாதான் என்பது பெண்கள் கட்சி. மூன்று வருஷத்துக்கு முன்னால் புருலின் தம்பி மிர்லான் வாய்க்காலில் மூழ்கிப் போனபோது, கத்தரீனா வேதப்புத்தகத்தோடு வந்து, "அழக்கூடாது சூரா, தேவன் ஆசைப்பட்டு எடுத்துக்கிட்டாரு" என்று முக்கால் மணி நேரம் ஆறுதல் சொன்னாள். நல்ல மனசுதான். ஊரில் யாருக்காவது மூச்சு வாங்கினாலே ரொட்டிக்கு மாவு பிசையத் தொடங்கிவிடுவாள். ஆனால் அன்றைக்கு வாயை மூடிய சூரா அப்புறம் எதற்கும் அழவில்லை.

"இந்தா, வந்துட்டா," என்றாள் ரக்கியா. "சாயங்காலத்துக்குள்ள அடக்கம் பண்ண விடுவாளான்னு கேளு."

வாசலில் கத்தரீனா நின்றிருந்தாள். கறுப்புத் தலைத்துணி, கக்கத்தில் அதே புத்தகம். அவள் சூராவின் முதுகையே பார்த்தாள். பிறகு ரப்பர் செருப்பைக் கழற்றி, புத்தகத்தை அதன்மேல் வைத்துவிட்டு உள்ளே வந்து, சூராவை ஒட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள். புருல் பல்லைக் கடித்துக்கொண்டாள். கத்தரீனா வாயை மூடிக்கொண்டாள்.

"இன்னிக்குப் பிரசங்கம் இல்லையா?" என்று கேட்டாள் ரக்கியா.

"இல்லக்கா."

தெருமுனையில் ஓலம் கேட்டது. மேலூர்ச் சொந்தக்காரர்கள். பெண்களின் முதுகுகள் நிமிர்ந்தன.

கத்தரீனா சூராவின் காதோரம் பேசினாள். எங்கள் ஊரில் காதோரம் பேசுவது எல்லாருக்கும் கேட்கும். "மிர்லானுக்கு உன்னை நான் அழவிடல சூரா. பிள்ளையப் பறிகொடுத்தவ இல்ல நான். தெரியாமப் பேசிட்டேன்."

பிறகு அவளே குரலெடுத்தாள். சபையில் பாடித்தான் பழக்கம். ஒப்பாரி வைத்துப் பழக்கமில்லை. துருப்பிடித்த கதவு மாதிரி ஒரு சத்தம். "ஐயோ மிர்லான்... என் ராசா..."

"அடியே, ஆளை மாத்தி அழறா பாரு..." என்று ரக்கியா ஆரம்பித்தாள். முடிக்கவில்லை.

சூராவின் தோள் குலுங்கியது. முதலில் மகன் பெயர்தான் வந்தது. வெகுநேரம் அதுவே வந்தது. அப்புறம் புருஷன் பெயர். வாசலுக்கு வந்துசேர்ந்த ஆண்கள் தங்கள் ஓலத்தை நிறுத்திவிட்டுக் கையிலிருந்த துக்கக் கழிகளை ஊன்றி நின்றார்கள்.

அடுத்த வசந்தத்தில் கத்தரீனாவை அவள் பிள்ளைகள் ஜெர்மனிக்குக் கூட்டிப் போனார்கள். ரக்கியா தலைநகரிலிருந்த மகள் வீட்டோடு போய், அங்கே மாப்பிள்ளையை அதட்டிக்கொண்டிருந்தாள். புருல் நாரின் என்ற ஊரில் வாழ்க்கைப்பட்டாள்.

புருல் கைக்குழந்தையோடு தாய்வீடு வந்திருந்த ஒரு நாள், ஜெர்மனியில் கத்தரீனா இறந்துவிட்ட செய்தி வந்தது. அழப் போவதற்கு இங்கே துக்க வீடு இல்லை. அவள் வீட்டை ஓர் உருளைக்கிழங்கு வியாபாரி வாங்கியிருந்தான். சூரா அங்கேதான் நடந்தாள். புருல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். கேட்டைத் திறந்து போய், வெள்ளையடித்த சுவரைப் பார்த்துத் தரையில் உட்கார்ந்தாள்.

வியாபாரியின் மனைவி ஈரக் கையோடு வெளியே வந்தாள். "யாரும்மா போயிட்டாங்க?"

புருல் சொன்னாள்.

அந்தப் பெண் உள்ளே போய், தலைத்துணியைக் கட்டிக்கொண்டு வந்து, சூராவின் பக்கத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.