அரைக் கிலோ பிசின் வைன்

மருசோவின் கடையில் கரையோர மேசைகளுக்கு எப்போதும் கால் ஈரம்தான். நாற்காலியை இன்னும் ஒரு முழம் தள்ளிப் போட்டால் கடலுக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிடலாம். மேசைத் தாள் காற்றில் பறக்காமலிருக்க ஓரங்களில் கிளிப் மாட்டியிருக்கும். ரொட்டி வருவதற்கு முன்னால் பூனைகள் வந்துவிடும்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் அசிமினா தன் அப்பாவை அங்கே கூட்டி வந்ததற்கு மீன் ஒரு சாக்கு. ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் கல்யாணம். கோயிலில் பூமுடி மாற்ற ஆள் இல்லை.

மணமக்கள் தலையில் வைக்கிற பூமுடிகளை அவர்களுக்குள் மாற்றி மாற்றிப் போட வேண்டியவர் அவளுடைய ஞானத்தந்தை பாண்டெலிஸ். கைக்குழந்தையாக அவளை எண்ணெய் தடவித் தொட்டித் தண்ணீரில் முக்கி எடுத்தவர். அவரும் அப்பா ஸ்டமாடிஸும் ஜோடிக் கொத்தனார்கள். தீவில் பாதிக் கல்சுவர் அவர்கள் கை பட்டு எழுந்ததுதான். ஞானஸ்நானத்தால் உறவான நாள் முதல் இருவரும் பேர் சொல்லி அழைத்துக்கொண்டது கிடையாது. 'கும்பாரே' என்றுதான் கூப்பிடுவார்கள். "கும்பாரே, சுண்ணாம்பு." "கும்பாரே, தூக்கு." அசிமினா அந்தச் சத்தத்தில்தான் வளர்ந்தாள்.

மூன்று வருஷமாக அந்தச் சத்தம் இல்லை. அதற்குக் காரணம் ஒரு சாத்திய கதவு.

பாண்டெலிஸின் பெயர் நாள், அதாவது அவர் பேர் கொண்ட புனிதரின் திருநாள், அன்று ஸ்டமாடிஸ் சட்டை மாற்றிக்கொண்டு கேக் பெட்டியோடு போனார். பெயர் நாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை, வாழ்த்த நினைப்பவர்கள் தாமாகவே போய் நிற்க வேண்டியதுதான். கதவு சாத்தியிருந்தது. தட்டினார், திறக்கவில்லை. நம்மைக் கண்டுதான் சாத்திக்கொண்டான் என்று முகம் சிவக்கத் திரும்பிவிட்டார். உள்ளே பாண்டெலிஸோ ஊரே வந்து போயும் தன் கும்பாரே வரவில்லையே என்று ராத்திரி வரை உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு இவரும் போகவில்லை, அவரும் கேட்கவில்லை. ஆளுக்கொரு புது ஜோடியைச் சேர்த்துக்கொண்டு கோணல் சுவர் கட்டினார்கள்.

கல்யாணத்துக்கு அசிமினா போய்க் கேட்டபோது, "உங்கப்பன் கூப்பிடட்டும், வர்றேன்" என்றார் பாண்டெலிஸ்.

"வந்தா வேணாம்னா சொல்லப் போறேன்? நான் போய்க் கூப்பிட மாட்டேன்" என்றார் அப்பா.

அவர் வராவிட்டால் முடி மாற்றப் போவது மாப்பிள்ளையின் ஒன்றுவிட்ட அண்ணன். பூ வாசனை பட்டாலே தும்முகிறவன். அவன் தும்மி, அவள் தலைப் பூமுடி பாதிரியார் தாடியில் போய் விழுவதாக அசிமினாவுக்கு இரண்டு முறை கனவு வந்துவிட்டது.

வியாழக்கிழமைகளில் பாண்டெலிஸ் தனியாக வந்து மரத்தடி மேசையில் சாப்பிடுவார். அது அவளுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது. வந்து உட்கார்ந்த பிறகுதான் அப்பா பார்த்தார். உடனே நாற்காலியைத் திருப்பிப் போட்டு மலையைப் பார்த்து உட்கார்ந்தார். கடற்கரைக்கு வந்து மலையைப் பார்த்துச் சாப்பிட்ட ஒரே ஆள் அன்றைக்கு அவர்தான்.

"மீன் எடுத்துட்டு வரேன்ப்பா" என்று அவள் சமையல்கட்டுக்குப் போனாள். பனிக்கட்டிப் பெட்டியைத் திறந்து கண் பளபளக்கிற மீனாகப் பார்த்துத் தானே எடுத்துக் கொடுப்பதுதான் அங்கே வழக்கம். வைனையும் அங்கே கிலோ கணக்கில்தான் கேட்பார்கள். மத்தியைக் கிளறிக்கொண்டே மருசோவின் காதோரம் சொன்னாள்: "அக்கா, ஞானப்பா மேசைக்கு அரைக் கிலோ வைன். அப்பா அனுப்பினதா சொல்லு."

மருசோவின் கையிலிருந்த கரண்டி நின்றது. "உங்கப்பனா? கடல்ல கழுதை நீந்துதுன்னு சொல்லு, நம்புறேன்."

"அக்கா, ஞாயித்துக்கிழமை எனக்குக் கல்யாணம்."

"சரி சரி, கண்ணைக் கசக்காத. நல்ல பீப்பாய் காலியாயிடுச்சு. பிசின் வைன்தான் கிடக்கு, மரப்பிசின் வாசனை தூக்கும்."

"எதுவா இருந்தா என்ன, அனுப்பு."

குவளை போயிற்று. அசிமினா அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து பீட்ரூட்டைக் குத்திக்கொண்டிருந்தாள். மருசோ குனிந்து ஏதோ சொன்னாள். பாண்டெலிஸ் குவளையைப் பார்த்தார். ஊற்றினார். மூக்கருகே கொண்டுபோய்ச் சற்று நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு எழுந்து நின்று, கடை முழுவதும் கேட்கிற மாதிரி, "ஸ்டமாடிஸ்! உன் ஆரோக்கியத்துக்கு!" என்று உயர்த்திக் காட்டிவிட்டு ஒரே மூச்சில் குடித்தார்.

அப்பாவின் வாயில் போன ரொட்டி அங்கேயே நின்றுவிட்டது.

இன்னொரு மேசையிலிருந்து வைன் வந்தால் பெற்றுக்கொண்டவன் எழுந்து தம்ளரை உயர்த்த வேண்டும். அவன் உயர்த்தினால் அனுப்பியவன் பதிலுக்கு உயர்த்த வேண்டும். 'நான் அனுப்பவில்லையே' என்று நாலு பேர் முன்னால் சொல்வதற்குக் கடலில் விழுந்து சாகலாம். அப்பா மெதுவாக எழுந்தார். மலையிலிருந்து முகத்தைத் திருப்பினார். தம்ளரைத் தூக்கினார். உட்கார்ந்தார்.

"யார்டி இந்த வேலை பண்ணது?"

"எந்த வேலை? பீட்ரூட் சாப்பிடுப்பா."

அவர் ஒரு வாய் எடுத்து வைக்கவில்லை, மருசோ வந்து நின்றாள். கையில் சுட்ட பேய்க்கணவாய்க் கால், எண்ணெய் சொட்டச் சொட்ட. "அந்த மேசையிலிருந்து."

"எனக்கே அனுப்புறானா? நான் என்ன கடனாளியா?" அப்பாவுக்குக் காது சிவந்தது. "மருசோ! அவனுக்கு நவரை மீன் ஒரு தட்டு! பெருசா எடு!"

நவரை போயிற்று. பொரித்த நெத்திலி மலையாகக் குவிந்து வந்தது. இங்கிருந்து கணவாய் போயிற்று. அங்கிருந்து சிப்பி வந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் இவர் எழுவார், அவர் எழுவார், தம்ளர் உயரும். மற்ற மேசைக்காரர்கள் தங்கள் சாப்பாட்டை மறந்து கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். யாரோ கை தட்டினார்கள். மேசைக்கடியில் பூனைகளுக்கு இடம் போதவில்லை. அசிமினாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அதே வாயால் அழுகையும் வரப் பார்த்தது. ஒரு குவளை அனுப்பினாள், அது இப்படி மலைச்சரிவில் விட்ட கல் மாதிரி உருளும் என்று அவள் கண்டாளா? தட்டு போகிறது, வருகிறது. ஆள் இருந்த இடத்திலேயே இருக்கிறார்களே!

கடைசியில் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் களவா மீன் ஞாபகம் வந்தது. பனிப்பெட்டியில் அது ஒன்றே ஒன்றுதான் கிடந்தது. அப்பா ஓடிப்போய்த் தலையைப் பிடித்தார். பாண்டெலிஸ் வாலைப் பிடித்தார்.

"இதை அவன் மேசைக்குப் போடு!"

"முடியாது, அவன் மேசைக்குப் போடு!"

"விடுங்கய்யா ரெண்டு பேரும்!" என்று மருசோ கரண்டியால் இருவர் விரலிலும் தட்டினாள். மீனைப் பிடுங்கிச் சுட்டு, எலுமிச்சை பிழிந்து, பெரிய தட்டில் ஏந்திக்கொண்டு இரண்டு மேசைக்கும் நடுவில் மணலில் வந்து நின்றாள். "அங்க இங்கன்னு இழுத்துட்டு நிக்காதீங்க. எங்க வைக்கட்டும்?"

"அங்க!" இரண்டு விரல்கள் எதிரெதிராக நீண்டன.

அதற்கு மேல் பொறுக்கவில்லை. மூன்று வருஷத்து மூடி தெறித்தது.

"என் பேர் நாளுக்கு வராத ஆளு, இப்ப மீன் அனுப்ப வந்துட்டாரு!"

"வரலையா? கேக்கோட வந்தேன்டா! கதவைச் சாத்திட்டு உள்ள உட்கார்ந்திருந்தே!"

"கொல்லையில மீன் சுட்டுக்கிட்டு இருந்தேன்டா! காத்துல கதவு சாத்தியிருக்கும். என் வீட்டுக் கதவு என்னைக்குப் பூட்டியிருந்துச்சு? தள்ளிட்டு வரவேண்டியதுதானே!"

"நான் என்ன திருடனா, தள்ளிட்டு வர? கேக்கைக் கழுதைக்குப் போட்டுட்டேன்!"

பாண்டெலிஸ் ஓரடி முன்னால் வந்தார். "என்ன கேக்?"

"பாதாம்."

"பாதாம் கேக்கையா கழுதைக்குப் போட்டே!" நிஜமாகவே அவருக்குக் குரல் உடைந்தது.

"ஆமா! நல்லா தின்னுச்சு!"

"இவ்வளவு ரோஷக்காரன் இன்னைக்கு ஏன் முதல்ல வைன் அனுப்பினே?"

அப்பா வாயைத் திறந்தார். நான் அனுப்பவில்லை என்று சொல்லத்தான் திறக்கிறார் என்று அசிமினாவுக்குத் தெரிந்தது. சொல்லிவிட்டால் போச்சு, பொய் வைன், பொய் மீன், பொய் மரியாதை என்று பாண்டெலிஸ் இந்த ஜென்மத்துக்குத் திரும்பிப் பார்க்க மாட்டார்.

அப்போது கப்பல் ஊதியது.

சாயங்காலக் கப்பல். அவளுடைய மாப்பிள்ளை ஃபோட்டிஸ் கயிறு கட்டுகிற அதே கப்பல். அது முனையைத் திரும்பினால் கொஞ்ச நேரத்தில் பெரிய அலை வரும் என்று மருசோ கடையில் குழந்தைக்கும் தெரியும். எல்லோரும் காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டு தம்ளரைக் கையில் பிடித்தார்கள். சண்டைக்காரர்களுக்கு மட்டும் காதில் ஏறவில்லை. அலை வந்தே விட்டது. முழங்காலுக்கு மேல் நுரையோடு ஏறியது.

"கும்பாரே, தூக்கு!" என்று தன் மேசையின் ஒரு முனையைப் பிடித்தபடி கத்தினார் அப்பா.

யோசித்துச் சொன்னதல்ல. கை கல்லைத் தொட்டால் வாய் சொல்லும் சொல், அவ்வளவுதான். பாண்டெலிஸும் யோசிக்கவில்லை. பாய்ந்து மேசையின் மறுமுனையைப் பிடித்தார். நெத்திலி, சிப்பி, குவளை, பீட்ரூட் எல்லாவற்றோடும் மேசை சமமாக மேலே எழுந்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை. மருசோ மீன் தட்டைத் தலைமேல் ஏற்றிக்கொண்டாள். பூனைகள் மரம் ஏறின. மரத்தடி மேசையைத் தூக்க ஆளில்லை. அது நவரையோடும் கணவாயோடும் ஒருமுறை சுழன்று, கால்கள் வானத்தைப் பார்க்க மிதந்து போயிற்று.

அலை வடிந்தது. இடுப்பு வரை நனைந்து, தலைக்கு மேல் மேசையோடு, இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இறக்கவா, கும்பாரே?" என்றார் பாண்டெலிஸ்.

"உன் பக்கம் பள்ளம். பார்த்து இறக்கு."

முதலில் சிரித்தது மருசோ. பிறகு யார் சிரித்தார்கள், யார் சிரிக்கவில்லை என்று சொல்ல முடியாது. களவா மீனை எங்கே வைப்பது என்ற கேள்வியே இல்லாமல் போயிற்று. இருந்ததே ஒரு மேசைதான். பாண்டெலிஸ் நனைந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மீனின் கன்னச் சதையைக் கிள்ளி எடுத்து அசிமினாவின் தட்டில் வைத்தார். சின்ன வயதிலும் அவர் அப்படித்தான் வைப்பார்.

"உன் புருஷன் கப்பல்தான் என் மேசையைக் கவுத்துச்சு. சொல்லி வை அவன்கிட்ட."

அப்பா எலுமிச்சை கேட்க எழுந்து போனதும் அவர் குனிந்தார். "மகளே, நானும் உங்கப்பனும் இளவட்டமா இருந்தப்போ ரெண்டு கோடைகாலம் பைன் மரத்துல பிசின் எடுக்கப் போனோம். அன்னையிலிருந்து அந்த வாசனை வந்தாலே எனக்குக் குமட்டும். அது உங்கப்பனுக்குத் தெரியும். பிசின் வைனை அவன் எனக்கு அனுப்புவானா?"

அசிமினா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்ப... மோந்து பார்த்தப்பவே தெரிஞ்சுடுச்சா, ஞானப்பா?"

"தெரியாம?"

"அப்புறம் ஏன் குடிச்சீங்க?"

"மூணு வருஷம் கழிச்சு ஒரு குவளை வந்துச்சு. பிசினா இருந்தா என்ன, தாரா இருந்தா என்ன?" அவர் மேசைக் குவளையில் மிச்சமிருந்த பிசின் வைனையும் தம்ளரில் ஊற்றிக்கொண்டு முகத்தைச் சுளித்தபடி விழுங்கினார். அவளுக்குக் கண்ணில் தண்ணீரும் மூக்கில் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அப்பா எலுமிச்சையோடு வந்தார். "என்ன ரெண்டு பேரும் குசுகுசுன்னு?"

"ஞாயித்துக்கிழமையைப் பத்தித்தான்" என்றார் பாண்டெலிஸ், மீனைப் பார்த்துக்கொண்டே.

அப்பா எலுமிச்சையைப் பிழிந்தார். சாறு தீர்ந்த பிறகும் பிழிந்துகொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "நேரே வீட்டுக்கு வந்துடு. அங்கேயிருந்து சேர்ந்து கோயிலுக்குப் போயிடலாம். கதவு சாத்தியிருந்தா தள்ளு, கும்பாரே."