தண்ணீருக்கடியில் ஒரு கூர்முனை

1

இந்தக் கதை நான் யோசித்துப் பிடித்ததல்ல. அக்கா ஃபோனில் போட்ட ஒரு கூச்சலிலிருந்து வந்தது. "டேய், வால் விட்டிருக்குடா!" என்றாள். எது என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

2

முதல் தொடக்கம்: தாமரை விதையின் ஓடு மிகவும் கடினமானது. அதைத் தேய்த்துவிடாவிட்டால் தண்ணீர் உள்ளே புக… (வேண்டாம். பாடப்புத்தக வாடை அடிக்கிறது.)

இரண்டாவது தொடக்கம்: அக்கா பல் செட் செய்பவள். மாடிப்படியில் வழுக்கி வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். எலும்பு கூடிவிட்டது, நடுக்கம் போகவில்லை. கடைவாய்ப் பல்லின் பள்ளத்தைச் செதுக்கிய கையில் காபி டம்ளர் தளும்பியது. "அவசரமில்ல, மெதுவா வாங்க" என்றார் முதலாளி. 'இந்தக் கை இனித் தேறாது' என்றுதான் அது அவள் காதில் விழுந்தது. அன்றோடு அவள் அரத்தைத் தொடுவதையே விட்டுவிட்டாள்.

இது தேறும்.

3

இங்கே அத்தான் வருகிறார். பஸ் ஓட்டுபவர். கதைக்குக் காரம் வேண்டுமே என்று அவரைச் சிடுமூஞ்சியாக எழுதியிருந்தேன். அக்கா படித்துவிட்டுப் பாய்ந்தாள்: "அந்த மனுஷன் மேல ஏன்டா சேத்தை வாரி இறைக்கிற? விதை வாங்கிட்டு வந்ததே அவர்தான்."

சரி, நடந்தபடியே சொல்கிறேன். அத்தான் ஒரு பொட்டலத்தை மேசையில் கொட்டினார். கறுப்புக் கறுப்பாய்த் தாமரை விதைகள்.

"ஒரு முனையில மட்டும் தேய்க்கணுமாம். வெளுப்பு தெரிஞ்சதும் நிறுத்திடணும். அதுக்கு மேல ஒரு இழுப்பு இழுத்தா உள்ள இருக்கிற முளை செத்துடும். எனக்கு ஸ்டியரிங்தான் பிடிக்கத் தெரியும்."

"என் கை இருக்கிற லட்சணம் தெரியும்ல?"

"போனா விதைதானே? யார் வாயிலயும் மாட்டப் போறதில்லையே."

அக்கா சிரித்துவிட்டாள். (விழுந்த பிறகு அவள் சிரித்த முதல் சிரிப்பு என்று எழுதினேன். "அவ்வளவு மோசமில்லடா" என்று அடித்துவிட்டாள்.)

4

முதல் விதையில் அரம் ஆழமாய் இறங்கிவிட்டது. அடுத்தது கையிலிருந்து தெறித்து அலமாரிக்கடியில் ஓடியது. அக்கா அரத்தை வீசிவிட்டு அழுதாள். ("அழல. மூக்கு சிந்தினேன்.")

பிறகு அவளே குனிந்து அரத்தை எடுத்தாள். முழங்கையை மேசையில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றைத் தேய்த்தாள். கறுப்பு போயிற்று. பழுப்பு போயிற்று. நூலளவு வெளுப்பு தெரிந்தது. கை நின்றது.

நின்றது ஐயா, நின்றது! இதை ஒரே சொல்லில் எழுதிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.

வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு, தினமும் தண்ணீர் மாற்றினாள். விதை உப்பியது. ஓடு பிளந்து பச்சையாய் ஒரு முளை நீண்டது. அந்த 'வால்' இதுதான். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது, அத்தான் சீருடையைக்கூடக் கழற்றாமல் கண்ணாடிக் குவளை முன்னால் குந்தியிருந்தார்.

5

களிமண் போட்ட பெரிய தொட்டிக்குச் செடி மாறியது. காசு காசாய் இலைகள் மிதந்தன. அக்கா முதலாளிக்கு ஃபோன் போட்டாள்: "திங்கக்கிழமையிலேர்ந்து வேலைக்கு வரேன் சார்."

இந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைத்திருப்பேன். ஆனால் இன்று காலை தண்ணீருக்கடியில் ஒரு கூர்முனை கிளம்பியிருக்கிறது.

முடிவு ஒன்று: அது மொட்டு. விதையில் வந்த செடி இத்தனை சீக்கிரம் பூப்பது அபூர்வம், ஆனாலும்…

முடிவு இரண்டு: அது சுருண்ட இலை. பூவுக்கு அடுத்த வருஷம்வரை…

"மொட்டுதான்" என்கிறார் அத்தான்.

"இலைங்க அது" என்கிறாள் அக்கா. "டேய், கதை எழுதுறவன் நீதானே, நீ சொல்லு."

எனக்கு எப்படித் தெரியும்? அத்தான், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், படிப்பவருக்கும் இடம் வேண்டாமா? வாருங்கள், நீங்களும் குனிந்து பாருங்கள். இன்னும் கொஞ்சம் கிட்டே.

என்ன தெரிகிறது?