பரீட்சை அன்னைக்கு நான் போட்ட பூட்டு

என் பேரு தளவாய். தாராவியில தோல் பை தைக்கிற பட்டறை வச்சிருக்கேன். எதுத்தாப்புல கரீம் பாட்சா வீடியோ கேம் கடை போட்ட நாள்லேர்ந்து எனக்கு வயித்தெரிச்சல்தான். பத்தாவது படிக்கிற என் மகன் வெயிலுமுத்து, பள்ளிக்கூடம் விட்டா அந்தப் பெட்டி முன்னாலதான் நிப்பான். கேட்டா, "மூள சுறுசுறுப்பாவும்ப்பா"ங்கான். சுறுசுறுப்பாவுதாம்! செருப்பு பிஞ்சிரும்லேன்னேன்.

எம்பத்தெட்டு மார்ச்சு. பதினோரு மணிக்குக் கணக்குப் பரீட்சை. அவன் அம்ம ஊருக்குப் போயிருந்தா. எனக்குக் காலையில ரயிலேறிக் கல்யாண் போயி, கடையில பைச் சரக்குப் போடணும். நான் அங்கிட்டுப் போனா இவன் இங்கிட்டு கேமுக்கு ஓடிருவான்லா? பட்டறைக்கு உள்ள உக்காந்து படிலேன்னு சொல்லி, வெளிய பூட்டி, சாவிய மடியில சொருகிக்கிட்டேன். ஒம்பதுக்குள்ள வந்துருவேன், எவன் என்னக் கேக்கது?

திரும்புகால்ல தாணே தாண்டி ரயிலு நின்னுட்டு. கரண்டு இல்லன்னாங்க. ஒம்பதரை. பத்து. மடியில சாவி குத்துது. பத்தரைக்குத் தண்டவாளத்துல குதிச்சு ஓடி, கெடச்ச லாரியில தொத்துனேன். யய்யா முருகா, எம்புள்ள வருசம் போச்சேன்னு வாய்விட்டு அழுதேன்.

வந்து சேரும்போது பன்னெண்டு. பூட்டு அப்படியே தொங்குது. தொறந்தா உள்ள ஆளில்ல. கூரைத் தகரம் பிரிஞ்சு கெடக்கு, தரையில ரத்தச் சொட்டு.

"ஆடத்தான் ஓடிட்டான் செத்த மூதி!"ன்னு எதுத்த கடைக்குப் பாஞ்சேன். ஷட்டர் சாத்திக் கெடந்துச்சு.

பக்கத்து வீட்டுக் கோமதியம்மாள் கத்துனா: "ஓய், நில்லும்! பய உள்ள கெடந்து அலறுனான். சுத்தியல்ல அடிச்சும் உம்ம பூட்டு ஒடையல. கரீம் பாட்சாதான் கையக் கிழிச்சுக்கிட்டு, தகரத்தப் பிரிச்சுத் தூக்கி, ஸ்கூட்டர்ல பரீட்சைக்குக் கொண்டு போயிருக்காரு."

பரீட்சை நடக்குற பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். வாசல்ல கரீம் பாட்சா, கையில ரத்தக் கைக்குட்டை. "இருவது நிமிசம் லேட்டு அண்ணாச்சி. கெஞ்சி உள்ள விட்டேன்"ன்னாரு. எனக்கு அவரு மூஞ்சியப் பாக்கவே வெக்கமா இருந்துச்சு.

ரெண்டு மணிக்கு மணியடிச்சு வெயிலுமுத்து வெளிய வந்தான். என்னப் பாத்தான். நான் வாயெடுக்கதுக்குள்ள போய் ஸ்கூட்டர்ல ஏறிக்கிட்டான்.

"அப்பா வந்துருக்காருலா"ன்னாரு கரீம் பாட்சா.

"நாம போவோம் மாமா. சாவிய வச்சுக்கிட்டு அவரு மெதுவா வருவாரு."