எழுதக்கூடாத நாள்

வங்க மொழியின் மாபெரும் நாவல் வடகல்கத்தாவில், எங்கள் வீட்டு மாடியறையில், இருபத்திரண்டு ஆண்டுகளாக உருவாகிக்கொண்டிருந்தது. அதில் ஒரு வரிகூட எழுதப்படவில்லை என்பது மட்டும்தான் குறை.

நாவலாசிரியர் பிரியதோஷ் சான்யால், என் அக்கா பிரதிமாவின் கணவர். காலையில் மேஜைமுன் உட்காருவார். குழாயடியில் சத்தம் என்று ஜன்னலைச் சாத்துவார். புழுக்கம் என்று திறப்பார். அதற்குள் பத்து மணியாகி, அக்கா பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போயிருப்பாள். வீட்டுக்குச் சோறு அதில்தான் வந்தது. மாலையில் தேநீர்க்கடை பெஞ்சில் நாவலின் மூன்றாம் பாகத்தைப் பற்றி விவாதிப்பார். முதல் பாகம் எங்கே என்று யாரும் கேட்கமாட்டார்கள், நாகரிகமானவர்கள்.

ஆண்டில் ஒரு நாள் மட்டும் அவருக்கு எழுத்து பொங்கிவரும். அது சரஸ்வதி பூஜை. அன்று புத்தகம், பேனா எல்லாம் தேவியின் காலடியில் இருக்கும். மறுநாள்வரை யாரும் ஓர் எழுத்துகூட எழுதக்கூடாது.

"இன்னிக்குப் பார்த்து முதல் அத்தியாயம் முழுசா வந்து நிக்குது, தேபு. என்ன கொடுமை பாரு" என்று ஆண்டுதோறும் என்னிடம் கண்கலங்குவார். மறுநாள் காலை அது போயிருக்கும்.

இந்தக் குளிர்காலத்தில் அக்காவின் கண் மங்கத் தொடங்கியது. கண்ணுக்குள் அழுத்தமாம். போன பார்வை திரும்பாது, இருப்பதும் கோடைவரைதான் என்றார் மருத்துவர். வீடு திரும்பி ரிக்ஷாவிலிருந்து இறங்கும்போது அக்கா சொன்னாள்:

"ஒரு பக்கம் போதும்டா. என் கண்ணால படிச்சிடணும். அதுக்காகத்தானே இத்தனை வருஷம் சத்தமில்லாம பாத்திரம் தேய்ச்சேன்."

அத்தானிடமும் சொன்னாள். மூன்று வாரம் ஜன்னல் சாத்தப்பட்டது, திறக்கப்பட்டது.

பூஜையன்று தேவிக்குப் பூ அஞ்சலி செலுத்தி முடிந்து கிச்சடி சாப்பிடும்போது அவர் வழக்கம்போல் பெருமூச்சு விட்டார்.

"வந்து நிக்குது, பிரதிமா. பேனாதான் அங்க இருக்கு."

அக்கா எழுந்துபோய், தையல் பெட்டியில் துணிக்குக் கோடு போட வைத்திருந்த பென்சிலையும் பழைய நாட்காட்டித் தாள் ஒன்றையும் கொண்டுவந்து அவர் தட்டருகே வைத்தாள்.

"இன்னிக்கா? பாவம் வந்து சேருமே."

"எனக்கு வரட்டும். தேவி கோபிச்சா எதை எடுத்துப்பா? கண்ணையா?"

"தேபு, நீயாவது சொல்லேன்."

"நான் என்னத்தைச் சொல்ல, அத்தான். வந்து நிக்கிறதை உட்காரச் சொல்லுங்க."

கை கழுவிவிட்டு அங்கேயே தாளைத் திருப்பிப்போட்டுக் குனிந்தார். முதல் சொல்லுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு பென்சில் நிற்கவில்லை. தெருவில் ஒலிபெருக்கி அலறியது. அவர் நிமிரவே இல்லை. தாள் நிறைந்ததும் அதை அக்காவிடம் தந்துவிட்டு, விடைத்தாள் நீட்டிய பிள்ளைபோல் நின்றார்.

அக்கா விளக்கடியில் தாளை மூக்கோடு ஒட்டிப்பிடித்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். நான்காவது வரியில் நின்றாள். அதை இன்னொரு முறை படித்தாள்.

"நல்லா இருக்கு. சீக்கிரம் மேல எழுதுங்க" என்றாள்.

நான்காவது வரியில் கதாநாயகனின் மனைவி செத்துப்போகிறாள். பெயரைக்கூட அவர் மாற்றியிருக்கவில்லை.